ஜென்டூவில் பேஸல் கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

மென்பொருளை மூல நிரலிலிருந்து நாமே கட்டிக்கொள்கிற ஜென்டூ லினக்ஸுக்கு, பேஸல் என்கிற கட்டும் கருவியை ஈபில்டாக (எப்படிக் கட்டுவது என்று போர்டேஜுக்குச் சொல்லும் ஸ்கிரிப்டாக) எழுதிக் கட்ட வேண்டிய தலையெழுத்து நம்மில் அதிகம் பேருக்கு வராது. வருகிற சிலருக்காக எழுதுகிறேன். நான் இதில் இறங்கியபோது கேட்பதற்குப் பக்கத்தில் ஆளில்லை. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் கணினி பழுது பார்க்கிற கடைகள் உண்டு, விண்டோஸ் போட்டுத் தருகிற பையன்கள் உண்டு. ஆனால் போர்டேஜ் (ஜென்டூவில் மென்பொருளைக் கட்டி நிறுவுகிற நிரல்) என்று சொன்னால் திரும்பிப் பார்க்க ஒருவரும் கிடையாது. ஒவ்வொரு பிழைச் செய்தியையும் தனியாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தேன். காசும் போனது, தூக்கமும் போனது. நடுவில் இந்தத் தொழிலே வேண்டாம், ஒட்டுக்கடை போட்டு தே தாரிக் ஆற்றலாம் என்றுகூட நினைத்தேன்.

வேலை வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எதற்கு இந்த வம்பு என்று கேட்பீர்கள். ஈப்போவில் தெரிந்த அண்ணன் ஒருவர் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில், லாரி குலைகளைக் கொட்டுகிற இடத்துக்கு மேலே கேமராவைப் பொருத்தி, பழுத்த குலை எது, காய் எது என்று படத்தைப் பார்த்தே பிரிக்கிற பெட்டி ஒன்றை அவர் செய்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் இருப்பது காற்றாடி இல்லாத சின்னக் கணினி, இன்டெல் செலரான் ஜே1900. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் பறக்கிற இடத்தில் அப்படிப்பட்டதுதான் தாக்குப்பிடிக்கும், அதனால் தேர்வில் குறை சொல்ல முடியாது. சிக்கல் என்னவென்றால் அந்தச் சிப்பில் ஏவிஎக்ஸ் கட்டளைகள் (நிறைய எண்களை ஒரே அடியாகக் கணக்கிடும் வசதி) கிடையாது. படத்தைப் பிரிக்க அவர் எடுத்திருந்த டென்சர்ஃப்ளோ என்கிற இயந்திரக் கற்றல் நூலகமோ 2018-ல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே, தயாராகக் கட்டித் தருகிற கோப்புகளை ஏவிஎக்ஸ் உள்ள சிப்புகளுக்கு மட்டும்தான் தருகிறது. பைதானின் பிப் வழியாக நிறுவி இம்போர்ட் செய்த உடனே "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று ஒரு வரி வரும், அத்தோடு பைதான் செத்துவிடும். சோர்ஸிலிருந்து நாமே கம்பைல் செய்துகொண்டால் தீர்ந்தது. பெட்டியில் ஏற்கெனவே ஜென்டூதான் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, உனக்குத்தான் இதெல்லாம் தண்ணி பட்ட பாடாச்சே, சீக்கிரம் முடிச்சுக் குடுத்துருவியா?" என்றார் அண்ணன். மொத்தமாக 1,800 வெள்ளி (ரிங்கிட்) என்று பேசிக்கொண்டோம்.

டென்சர்ஃப்ளோவைக் கட்ட பேஸல் வேண்டும். கூகுள் தன் உள்வேலைக்கு வைத்திருந்த கருவியிலிருந்து 2015-ல் வெளியே விட்டது இது. ஏதோ ஒரு பேஸல் இருந்தால் போதாது. டென்சர்ஃப்ளோவின் மூலத்திலேயே எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். நான் எடுத்த மூலத்தில் 6.5.0 என்று இருந்தது. என் கணினியில் இருந்தது வேறு பதிப்பு. பேஸலில் பெரிய பதிப்பு எண் மாறினால் பழைய திட்டங்கள் அப்படியே ஓடும் என்று நம்ப முடியாது. பேஸலிஸ்க் என்று ஒன்று இருக்கிறது, அது அந்தக் கோப்பைப் படித்துச் சரியான பதிப்பை இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். சொந்தக் கணினியில் கையால் கட்டுகிறவர்களுக்கு அதுவே போதும், இந்தக் கட்டுரையே வேண்டாம். நமக்கு அது உதவாது. போர்டேஜ் கம்பைல் செய்கிற நேரத்தில் நெட்வொர்க்-சாண்ட்பாக்ஸ் என்ற வேலியைப் போட்டு இணையத்தை அடைத்துவிடும். வேண்டிய கோப்புகளையெல்லாம் முன்கூட்டியே ஈபில்டில் எழுதி, ஹேஷோடு (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் கைரேகை எண்) மேனிஃபெஸ்ட் என்ற பட்டியலில் பதிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. எந்தக் கோப்பை எங்கிருந்து இறக்குவது, இறக்கியதன் ஹேஷ் சரியா, எந்த டைரக்டரியில் எழுதலாம், ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம், கம்பைலருக்கு என்ன ஃபிளாக் (எப்படிக் கட்டு என்று சொல்லும் தேர்வு) என்று எல்லாவற்றையும் போர்டேஜ் தன் கையில் வைத்திருக்கும். பேஸலும் இதே விஷயங்களை எல்லாம் தன் கையில் வைத்திருக்கும். தோட்டத்தில் ஒரே நிரைக்கு இரண்டு மண்டோர்களை (மேற்பார்வையாளர்களை) அனுப்பினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும். நான் பார்த்த பிழைகளில் முக்கால்வாசி இந்த இழுபறியில் வந்தவை. யாராவது முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால், பிழை வந்ததும் கூகுளில் தேடாமல், "இந்த இடத்தில் இரண்டு பேரில் யார் பேச்சைக் கேட்க வைக்கலாம்?" என்று நேராக அங்கே போயிருப்பேன்.

முதலில் பேஸலைக் கட்டுகிற கதை. பேஸலைக் கட்ட பேஸல் வேண்டும். கிட்ஹப்பில் டேக் போட்ட மூலக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு முட்டி மோதிப் பயனில்லை, கையில் ஏற்கெனவே ஒரு பேஸல் இருந்தால்தான் அது கட்டும். ஒவ்வொரு வெளியீட்டோடும் பெயரில் "டிஸ்ட்" என்று முடிகிற ஒரு ஜிப் தனியாக வரும், அதுதான் வேண்டும். ப்ரோட்டோபஃப் போன்றவற்றிலிருந்து உண்டாக்க வேண்டிய ஜாவா கோப்புகளை அதில் முன்கூட்டியே உண்டாக்கி வைத்திருப்பார்கள். தேவையான சார்புகளும் (அது சார்ந்திருக்கும் மற்ற நூலகங்களும்) உள்ளேயே இருக்கும். கம்பைல் ஸ்கிரிப்டை ஓட்டினால் பேஸல் இல்லாமலே, ஜேடிகே (ஜாவா கருவித் தொகுப்பு), சி++ கம்பைலர் போன்றவற்றை வைத்தே எழுந்து வந்துவிடும். அந்த ஜிப்பைப் பிரித்தால் மேலே ஒரு டைரக்டரி இல்லாமல் எல்லாக் கோப்பும் சிதறி விழும், ஆகவே ஈபில்டில், மூலம் இருக்கும் இடத்தைச் சொல்கிற எஸ் என்ற மாறிக்கு வொர்க்டிரையே (போர்டேஜ் கோப்புகளைப் பிரித்து வைக்கிற டைரக்டரியையே) கொடுத்துவிடுங்கள். 6-வது தொடருக்கு ஜேடிகே 11 வேண்டும். கணினியில் இருக்கிற ஜேடிகே-யைப் பயன்படுத்து என்று, டூல் ஜாவா ரன்டைம் வெர்ஷன் என்ற தேர்வுக்கு லோக்கல் ஜேடிகே என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது தனக்கென்று ஒரு ஜேடிகே-யை இணையத்திலிருந்து இறக்கப் பார்த்து, சாண்ட்பாக்ஸ் சுவரில் முட்டி விழும்.

அடுத்தது சாண்ட்பாக்ஸ் சண்டை. போர்டேஜுக்கு ஒரு சாண்ட்பாக்ஸ் (வரம்பு மீறி எழுதவிடாத வேலி) இருக்கிறது, பேஸலுக்கும் ஒன்று இருக்கிறது, ஒன்றுக்குள் ஒன்று அடங்காது. பேஸலுடையதை அணைத்துவிட்டு, அதன் வேலைகள் எல்லாம் ஸ்டாண்ட்அலோன் (வேலியில்லாத) முறையில் ஓடட்டும் என்று பேஸலின் அமைப்புக் கோப்பில் எழுதிவிட வேண்டும். அணைத்த பிறகும் கட்டும் வேலை கடைசியில் விழுந்தது. போர்டேஜின் குறிப்பேட்டில் பார்த்தால் ப்ராக் டைரக்டரிக்குள் செட்குரூப்ஸ் என்ற கோப்பை எழுதுவதற்காக யாரோ திறந்தார்கள், அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு வரி. அணைத்து வைத்திருந்தாலும், தன் சாண்ட்பாக்ஸ் இந்தக் கணினியில் வேலை செய்யுமா என்று பேஸல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது. அதற்கு ஆட்ப்ரெடிக்ட் என்ற கட்டளையில் ப்ராக் டைரக்டரியைச் சொன்னால் போதும். அந்த இடத்தில் எழுத வருகிறவனை உள்ளே விடாது, ஆனால் அதைக் குற்றமாகப் பதிந்து மொத்தக் கட்டுமானத்தையும் நிறுத்தவும் செய்யாது. ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு என் வார இறுதி முழுவதும் போனது.

இதோடு இன்னொன்று. பேஸல் ஒரு ஜாவா சர்வரைப் பின்னணியில் கிளப்பிவிட்டு, வேலை முடிந்த பிறகும் மூன்று மணி நேரம் சும்மா காத்திருக்கும், அது அதன் இயல்பு. ஈபில்டுக்குள் அது வேண்டாம். சர்வர் பின்னணியில் தங்காத பேட்ச் (batch) முறையில் ஓடட்டும் என்று தொடக்கத் தேர்விலேயே சொல்லிவிடுங்கள். கேஷ் டைரக்டரியையும் போர்டேஜின் தற்காலிக இடத்துக்கே திருப்பிவிடுங்கள்.

சரி, எல்லாம் முடிந்து பேஸல் கட்டி எழுந்தது. வொர்க்டிருக்குள் ஓட்டிப் பார்த்தால் பதிப்பு எண்ணைச் சொல்கிறது. நிறுவிய பிறகு அதே பேஸலை ஓட்டினால், தன்னையே ஜிப் கோப்பாகத் திறக்க முடியவில்லை என்று அழுகிறது. ஜாவா பிரச்சினையோ என்று ஜேடிகே-யை மாற்றினேன், டிஸ்க் பிரச்சினையோ என்று கோப்பு முறைமையைச் சோதித்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு இடத்திலும் கோப்பின் அளவைப் பட்டியலிட்டு ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வொர்க்டிரில் பல பத்து மெகாபைட் இருந்தது, நிறுவிய இடத்தில் ஒட்டிய வயிறாகக் கிடந்தது. பேஸல் என்கிற அந்த ஒற்றைக் கோப்பின் முன்பகுதிதான் சி++ நிரல். அதன் வாலில் ஒரு முழு ஜிப் ஒட்டியிருக்கிறது, ஜாவா பகுதிகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. போர்டேஜ் தன் வழக்கப்படி நிறுவும் முன் பைனரிகளை ஸ்ட்ரிப் செய்யும். பிழைதேடும் தகவல்களை வெட்டிக் கோப்பைச் சுருக்குகிற வேலை அது. அதன் பார்வையில் அந்த வால் வேண்டாத சதை, வெட்டிப் போட்டுவிட்டது. ஈபில்டில், எதைச் செய்யக் கூடாது என்று சொல்கிற ரெஸ்ட்ரிக்ட் மாறியில் ஸ்ட்ரிப் என்று சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஜென்டூவின் சொந்த பேஸல் ஈபில்டிலேயே, ஸ்ட்ரிப் செய்தால் பைனரி கெட்டுவிடும் என்று ஒரு வரிக் குறிப்பு உண்டு. புதிய பதிப்புக்கு எழுதும்போது பழைய ஈபில்டில் உள்ள குறிப்பு வரிகளை அலங்காரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய ராத்திரி இரண்டு மணி இருக்கிறது.

பேஸல் முடிந்தது, டென்சர்ஃப்ளோ தொடங்கியது. உண்மையான வலி இங்கேதான். டென்சர்ஃப்ளோ தனக்கு வேண்டிய நூலகங்களைப் பல இடங்களிலிருந்து இழுக்கும், ஒவ்வொன்றின் முகவரியையும் ஹேஷையும் ஈபில்டில் எழுத வேண்டும். இறக்கிய கோப்புகளை ஒரு டைரக்டரியில் வைத்து, டிஸ்ட்டிர் என்ற தேர்வில் அதைக் காட்டினால் பேஸல் இணையத்துக்குப் போகாமல் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும் என்று ஆவணத்தில் இருக்கிறது. செய்தேன். பாதியை எடுத்துக்கொண்டது, மீதிக்கு இணையத்துக்கு ஓடியது. காரணம் கோப்பின் பெயர். கிட்ஹப்பிலிருந்து வருகிற பல கோப்புகளுக்கு வெறும் பதிப்பு எண்தான் பெயராக இருக்கும். எல்லாப் பேக்கேஜின் கோப்புகளும் போர்டேஜின் ஒரே டைரக்டரிக்குள் விழுவதால் பெயர் மோதும் என்று, ஈபில்டில் அம்புக்குறி போட்டு வேறு பெயர் வைத்துச் சேமிப்பது நம் வழக்கம். பேஸலோ முகவரியின் கடைசித் துண்டில் இருக்கிற அசல் பெயரைத்தான் டிஸ்ட்டிரில் தேடும். ஹேஷ் சரியாக இருந்தாலும் பெயர் வேறு என்றால் கண்டுகொள்ளாது. ஆக, கட்டத் தொடங்கும் முன் மாற்றிய பெயர்களையெல்லாம் அசல் பெயருக்குத் திருப்பி, தனி டைரக்டரியில் நகலெடுக்க வேண்டும். இதைச் செய்வதற்கென்றே ஜென்டூவின் பேஸல் ஈகிளாஸில் (ஈபில்டுகள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பில்) ஒரு செயல்கூறு இருக்கிறது. இரண்டு சார்புகளுக்கு அசல் பெயர் ஒன்றாகவே அமைந்துவிட்டால் டிஸ்ட்டிர் கைவிடும். அப்போது ஹேஷையே முகவரியாக வைத்து அடுக்குகிற ரெப்பாசிட்டரி கேஷைப் பயன்படுத்துங்கள். பேஸல் கோப்பில் ஹேஷ் எழுதாத சார்பு ஏதாவது இருந்தால் அது இரண்டிலும் சிக்காது. அப்படிப்பட்டதை முதலிலேயே தேடி ஹேஷ் சேர்த்துவிடுவது நல்லது.

பேட்ச் (patch, மூலத்தைத் திருத்தும் கோப்பு) போடுகிற விஷயமும் இதே மாதிரிதான். ஜிசிசி கம்பைலரின் 13-வது பதிப்பிலிருந்து சி++ தலைப்புக் கோப்புகள், எண் வகைகளை அறிவிக்கிற சிஸ்டிடின்ட்டைத் தானாக உள்ளே இழுத்து வருவதைக் குறைத்துவிட்டன. பழைய நூலகங்களில் "யுஇன்ட்64 என்றால் என்ன?" என்கிற மாதிரிப் பிழைகள் வரிசையாக வரும். திருத்தம் ஒரே வரி. ஆனால் ஈபில்டின் ப்ரிப்பேர் கட்டத்தில் பேட்ச் போட முடியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அந்த நூலகம் இன்னும் பிரிக்கப்படவே இல்லை, அதைப் பிரிப்பது பேஸல், அதுவும் கம்பைல் கட்டத்தில். உங்கள் பேட்ச் கோப்பை டென்சர்ஃப்ளோவின் தேர்ட்பார்ட்டி டைரக்டரிக்குள் போட்டு, அந்தச் சார்பை அறிவிக்கிற இடத்தில் பேட்ச் பட்டியலில் பெயரைச் சேர்த்து, பேஸலையே போட வைக்க வேண்டும்.

ஃபிளாக் பற்றி ஒரு வார்த்தை. போர்டேஜின் அமைப்புக் கோப்பான மேக்.கான்ஃபில் நீங்கள் எழுதியிருக்கிற சிஃபிளாக்ஸை பேஸல் எட்டிக்கூடப் பார்க்காது. ஒவ்வொன்றையும் காப்ட், சிஎக்ஸ்எக்ஸ்ஆப்ட், லிங்க்ஆப்ட் என்று அதன் மொழியில் மாற்றிக் கொடுக்க வேண்டும். ஈகிளாஸ் இதையும் செய்துதரும். என்னைப் போல வேகமான கணினியில் கட்டி, பைனரி பேக்கேஜாக்கிச் சின்னப் பெட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள் சிப் வகையைச் சொல்கிற மார்ச் (march) ஃபிளாக்குக்கு நேட்டிவ் (கட்டுகிற இதே கணினியின் சிப்) என்று எழுதக் கூடாது. கட்டுகிற கணினியின் ஏவிஎக்ஸ் உள்ளே போய், மறுபடி அதே "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" வந்து நிற்கும். ஜே1900-க்கு சில்வர்மான்ட் என்று எழுதினேன்.

இதெல்லாம் நிரல் சார்ந்த தொல்லை. ஊர் சார்ந்த தொல்லை தனி. என் கணினியில் 8 ஜிபி மெமரி இருந்தது. எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட விட்டால் சி++ கம்பைலரான சிசி1பிளஸ் கொல்லப்பட்டது என்று செய்தி வரும். கம்பைலரில் குறை என்று எண்ணிவிடாதீர்கள், மெமரி தீர்ந்து கெர்னல் கையை வைத்திருக்கிறது. ஜாப்ஸ் எண்ணிக்கையைக் குறைத்தால் ஓடும், ஆனால் ராத்திரியெல்லாம் ஓடும். 260 வெள்ளிக்கு மெமரி வாங்கிப் போட்டேன். அடுத்து இடி. எங்கள் பக்கம் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் இருண்டால் கதை முடிந்தது, ஒரு மின்னலுக்கு வீட்டு மெயின் சுவிட்ச் டப்பென்று விழும். தொண்ணூறு விழுக்காடு முடிந்த கட்டுமானம் அப்படிப் போனபோது நான் சத்தமில்லாமல் வெளியே போய் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். 320 வெள்ளிக்கு ஒரு யூபிஎஸ் வாங்கியது அதற்கப்புறம்தான். எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சில் ஓட்டுகிற எமர்ஜ் கட்டளையை நேரடியாக ஓட்டாமல், ஈபில்ட் கட்டளையில் அன்பேக், ப்ரிப்பேர், கம்பைல் என்று கட்டம் கட்டமாக ஓட்டிப் பழகுங்கள். வொர்க்டிர் அப்படியே இருக்கும், டென்சர்ஃப்ளோ விஷயத்தில் பேஸல் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து தொடரும். போர்டேஜின் தற்காலிக டைரக்டரியை மெமரியில் மவுன்ட் செய்திருந்தால் இந்த வேலைக்கு மட்டுமாவது டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மெமரியும் மிஞ்சும், கரண்ட் போனாலும் கோப்பு இருக்கும். அம்மா வேறு, "ராத்திரி பூரா அந்த மிஷின் ஓடிக்கிட்டே இருக்கே, பில்லு யாரு கட்றது?" என்று பசியாறும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதம் பில் 140 வெள்ளி கூடுதலாக வந்தது, நான்தான் கட்டினேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பேசியது 1,800. தாமதமானதால் அண்ணன் 300 குறைத்துத்தான் கொடுத்தார், அவர் ஆலைக்காரர்களிடம் என்ன பேச்சு வாங்கினாரோ, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மெமரி, யூபிஎஸ், கரண்ட் எல்லாம் போக 780 நின்றது. அந்த நாட்களில் கைவிட்ட சில்லறை வேலைகளைக் கணக்கில் சேர்த்தால் அதுவும் நிற்காது. மெமரியும் யூபிஎஸ்ஸும் என்னிடம் இருக்கின்றன என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இப்போது இப்படிப்பட்ட வேலை வந்தால் இரண்டாகப் பிரித்து விலை சொல்கிறேன். கட்டுகிற கருவியைக் கட்டுவதற்கு நாள் கூலி, அதைக் கொண்டு நிரலைக் கட்டுவதற்கு மொத்தத் தொகை. கேட்கிறவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள். ஏவிஎக்ஸ் உள்ள சிப் வாங்கினால் இந்த வேலையே வேண்டாம், விலை வித்தியாசம் இவ்வளவுதான் என்று அதையும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் அதையே வாங்கிக்கொள்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பேஸலின் 6-வது தொடரில் நிற்கப் போவதில்லை. சார்புகளை அறிவிக்க 7.0-லிருந்து மாட்யூல் கோப்பு முறைதான் இயல்பு நிலை, 8.0-ல் பழைய வொர்க்ஸ்பேஸ் முறை தானாக இயங்காதபடி அணைக்கப்பட்டுவிட்டது. மாட்யூல் முறையில் நூலகங்களின் கோப்புகள் மட்டும் போதாது, எந்த மாட்யூலுக்கு எந்தப் பதிப்பு என்று சொல்கிற பதிவேட்டையும் பேஸல் இணையத்தில் போய்க் கேட்கும், அதையும் உள்ளூரில் வைத்திருக்க வேண்டும். 7-வது தொடரில் வந்த வெண்டர் கட்டளை வேண்டியவற்றையெல்லாம் ஒரே டைரக்டரியில் சேர்த்துத் தருகிறது. இணையம் உள்ள இடத்தில் அதை ஓட்டி, கிடைத்ததைச் சுருக்கிக் கட்டி, ஒரே கோப்பாக ஈபில்டில் கொடுத்துவிடுவதுதான் எனக்குத் தெரிந்த சுருக்கமான வழி. அந்தக் கோப்பை நிலையான ஓரிடத்தில் நீங்களே வைத்திருங்கள். 2023 ஜனவரியில் கிட்ஹப் தானாக உண்டாக்கித் தருகிற கோப்புகளின் சுருக்கும் முறை மாறி, உள்ளடக்கம் மாறாமலே ஹேஷ் மட்டும் மாறி, பல இடங்களில் கட்டுமானங்கள் நின்றுபோயின. சில மணி நேரத்தில் பழையபடி திருப்பிவிட்டார்கள் என்றாலும் அந்தச் சில மணி நேரம் உங்கள் கெடு நாளாக அமையலாம்.

எழுதிய ஈபில்டை குருவுக்கு (ஜென்டூ பயனர்களே பராமரிக்கும் ஈபில்ட் களஞ்சியத்துக்கு) அனுப்ப நினைத்தால், உங்கள் கமிட்டில் சைன்டு-ஆஃப் வரி இருக்க வேண்டும். ஏஐ-யிடம் கேட்டு எழுதியதை அனுப்பாதீர்கள், 2024 ஏப்ரலிலேயே ஜென்டூ கவுன்சில் அதைத் தடை செய்துவிட்டது. டெஸ்ட்கள் இணையம் கேட்கும் என்பதால் ரெஸ்ட்ரிக்டில் ஸ்ட்ரிப்போடு டெஸ்டையும் சேர்த்துவிடுங்கள். அனுப்பும் முன், ஈபில்டைச் சரிபார்க்கிற பிகேஜிசெக்கை ஒருமுறை ஓட்டுங்கள். டிஸ்ட் ஜிப்பைப் பிரிக்க அன்ஜிப் வேண்டும் என்று பிடிபெண்டில் (கட்டும்போது தேவைப்படும் கருவிகளின் பட்டியலில்) எழுதாமல் விட்டிருந்தால் அங்கேயே பிடித்துச் சொல்லிவிடும்.